அறிவிப்புப் பட்டையில் பயனிலை வெட்டுப்பட்டால் என்ன ஆகும்? தமிழ் அகப்பக்கம் நடத்துவோருக்கு ஒரு கையேடு

"சனிக்கிழமை காலை 8 மணி ஆறாம் ஆண்டு கூடுதல் வகுப்பு…"

கடந்த மழைக்காலத்தில், தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் அகப்பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் இந்த வரி தெரிந்தது. அதைக் கைப்பேசியில் பார்த்த என் அக்கா, மகனுக்கு மழைக்கோட்டை மாட்டிவிட்டு, செம்பனைக்காட்டுச் சாலை வழியாக மோட்டார் சைக்கிளில் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார். வாயிற்கதவு பூட்டியிருந்தது. அவரைப்போல் இன்னும் நான்கைந்து பெற்றோர் மழையில் நின்றுகொண்டிருந்தார்கள். பள்ளி போட்டிருந்த முழு அறிவிப்பு இதுதான்: "சனிக்கிழமை காலை 8 மணி ஆறாம் ஆண்டு கூடுதல் வகுப்பு கனமழை காரணமாக நடைபெறாது." ஆசிரியர் அறைக் கணினியில் அது ஒரே வரியில் முழுமையாகத் தெரிந்திருக்கிறது. கைப்பேசியின் குறுகிய திரையிலோ 'வகுப்பு' என்ற சொல்லோடு மூன்று புள்ளி வைத்து நின்றுவிட்டது.

ஆசிரியர் தவறாக எதுவும் எழுதவில்லை. அக்காவும் தவறாகப் படிக்கவில்லை. பிழை அந்தப் பட்டையைச் செய்த விதத்தில் இருந்தது.

மலாக்கா மாநிலத்தில் 20-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கோயில் நிர்வாகங்கள், இளைஞர் மன்றங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் எல்லாம் தனி. பலர் முகநூலோடும் புலனக் குழுவோடும் நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே நாம் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. சொந்த அகப்பக்கம் வைத்திருப்பவர்களுக்கும், அதை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ செய்து கொடுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் இந்தக் கட்டுரை உதவும்.

பட்டை எங்கிருந்து வருகிறது?

அகப்பக்கத்தின் தலைப்பகுதியில், மற்ற உள்ளடக்கத்துக்கு முன்னால், தனி நிறத்தில் நிற்கும் செவ்வகமே அறிவிப்புப் பட்டை. அந்தக் காலத்தில் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் கிராணி சொன்ன செய்தியைப் போன்றது இது. அன்றாட வேலைப் பங்கீட்டுக்கு முன்னால், "இன்றைக்கு மழை, மரம் வெட்டு இல்லை" என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இன்று ஒவ்வோர் அகப்பக்கத்துக்கும் பட்டையைப் புதிதாக யாரும் செய்வதில்லை. பொத்தான், படிவம், பட்டை என்று எல்லா உறுப்புகளையும் ஒரே பாணியில் முன்கூட்டியே செய்து, பயன்படுத்தும் விதிகளோடு தொகுத்து வைப்பார்கள். இதற்கு டிசைன் சிஸ்டம், அதாவது வடிவமைப்பு முறைமை, என்று பெயர். பிரிட்டிஷ் அரசாங்கம் 2018-இல் வெளியிட்ட கவ் யூகே வடிவமைப்பு முறைமை இதில் பலருக்கும் முன்மாதிரி. அறிவிப்புப் பட்டை என்ற உறுப்பு அதில் 2020-இல் சேர்ந்தது. நம் நாட்டில் ஜபாத்தான் டிஜிட்டல் நெகாராவின் பொறுப்பில் எம்ஒய்டிஎஸ் என்ற மலேசிய அரசாங்க வடிவமைப்பு முறைமை இருக்கிறது. அதன் மூலநிரல் திறந்தது. பக்கத் தலையில் வரும் மெல்லிய பட்டைக்கு அதில் 'அனௌன்ஸ் பார்' என்று பெயர். பக்கத்தின் நடுவே கட்டம் கட்டிச் சொல்வது 'காலவுட்'. மூலையில் எட்டிப்பார்த்துவிட்டுச் சில நொடிகளில் மறைவது 'டோஸ்ட்'. பெயரைக் கேட்டால் ரொட்டி நினைவுக்கு வரும். ரொட்டி சுடும் கருவியிலிருந்து துள்ளி எழுவதுபோல் வருவதால்தான் அந்தப் பெயர். வயதானவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய எந்தச் செய்தியையும் இந்த டோஸ்ட்டில் போடாதீர்கள். கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் அது போய்விடும்.

கவ் யூகே விதிகளில் எனக்குப் பிடித்தது, பட்டையைச் செய்தவர்களே அதை அரிதாகப் பயன்படுத்தச் சொல்வதுதான். மக்கள் இத்தகைய பட்டைகளைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஒரே பக்கத்தில் ஒன்றுக்கு மேல் வேண்டாம், படிவத்தில் வரும் பிழைகளைச் சொல்ல இதைப் பயன்படுத்த வேண்டாம், பக்கத்தின் முதன்மைத் தலைப்புக்கு நேர் முன்னால் வையுங்கள் என்றும் சொல்கிறார்கள். நம் கோயில் பக்கங்கள் சிலவற்றில் திருவிழா, நன்கொடை, அன்னதானம், ஆண்டுக்கூட்டம் என நான்கு பட்டைகள் அடுக்கடுக்காக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நான்காவது பட்டையை யாரும் படிக்கப் போவதில்லை.

தமிழில் செய்தி கடைசியில் இருக்கிறது

எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று ஆரம்பப் பள்ளியிலேயே படித்தோம். வாக்கியத்தின் முடிவைச் சொல்லும் பயனிலை தமிழில் இறுதியில் வருகிறது. உடன்பாடா எதிர்மறையா என்பதும் அந்த இறுதிச் சொல்லின் வாலில்தான் இருக்கிறது. நடைபெறும், நடைபெறாது, வரலாம், வரக்கூடாது, தேவை, தேவையில்லை. கடைசிச் சொல் தெரியாவிட்டால் இவற்றைப் பிரித்தறிய வழியில்லை.

மலாய் அப்படியில்லை. "கெலாஸ் தீடாக் டிஅடாக்கான் எசோக்" என்பதில் 'தீடாக்' இரண்டாவது சொல்லாகவே வந்துவிடுகிறது. இதே வாக்கியத்தைப் பாதியில் வெட்டினாலும் வகுப்பு இல்லை என்பது தெரிந்துவிடும். ஆங்கிலத்திலும் ஏறக்குறைய அதே கதைதான். முடிவு முன்னால் வரும் மொழிகளைப் பேசுகிறவர்கள் இந்தப் பட்டைகளை வடிவமைத்தபோது, 'இடம் போதாவிட்டால் மூன்று புள்ளி வைத்து வெட்டு' என்ற ஏற்பாடு அவர்களுக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிந்திருக்காது. தமிழில் அதே ஏற்பாடு செய்தியைத் தலைகீழாக்கிவிடும். மாநிலம் முழுக்கத் தமிழ்ப்பள்ளிக்கு முதலாம் ஆண்டு பதிவு நடக்கும் நேரத்தில், "பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழின் அசல் பிரதி தேவையில்லை" என்பது "பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழின் அசல் பிரதி…" என்று நின்றால், அசலைத் தேடி ஒரு தந்தை ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டியிருக்கும். 150 மாணவருக்கும் குறைவான பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வியமைச்சு வகைப்படுத்துகிறது. நம் தோட்டப் பள்ளிகளில் அத்தகையவை பல. அங்கே தவறிப்போகும் ஒவ்வொரு பதிவும் கணக்கில் தெரியும்.

ஆகவே முதல் மாற்றம், வெட்டை நிறுத்துவது. பட்டையின் பாணிக் கோப்பில் எழுத்தை ஒரே வரியில் நிறுத்தும் கட்டளை இருக்கிறதா, மிகுதியை மறைக்கும் கட்டளை இருக்கிறதா, இத்தனை வரிக்கு மேல் காட்டாதே என்ற கட்டளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீக்குங்கள். பட்டைக்கு நிலையான உயரம் கொடுத்திருந்தால் அதையும் எடுத்துவிட்டு, குறைந்தபட்ச உயரம் மட்டும் கொடுங்கள். செய்தி மூன்று வரிக்குப் போனால் போகட்டும்.

சில பக்கங்களில் வெட்டைச் செய்வது ஜாவாஸ்கிரிப்ட்: இத்தனை எழுத்துக்கு மேல் வந்தால் நறுக்கு என்று ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்குக்குத் தமிழ் எழுத்து புரியாது. 'சனிக்கிழமை' என்பது நம் கண்ணுக்கு 6 எழுத்து. யுனிகோட் கணக்கில் 10, ஏனென்றால் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கின்றன. நறுக்கும் இடம் ஒரு குறியின் நடுவே விழுந்தால் சொல் வேறாகும். 'நடைபெறாது' என்பதில் கடைசிக் குறி போனால் 'நடைபெறாத' என்று பெயரெச்சமாகி, இல்லாத ஒரு பெயரைத் தேடி நிற்கும். இலக்கண வகுப்பில் பெயரெச்சத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. முன்னோட்டத்துக்காக எங்காவது நறுக்கியே ஆகவேண்டும் என்றால், எழுத்து எழுத்தாகப் பிரிக்கத் தெரிந்த 'இன்டல் செக்மென்டர்' என்ற வசதி ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. அறிவிப்பை மட்டும் அதைக் கொண்டும் நறுக்க வேண்டாம்.

இரண்டாவது மாற்றம் எழுதுகிறவர் கையில் இருக்கிறது. கவ் யூகே பட்டைக்கு இரண்டு பகுதி உண்டு: மேலே நிறப் பின்னணியில் ஒரு சிறு தலைப்பு, கீழே வெள்ளைப் பின்னணியில் செய்தி. தலைப்பில் இயல்பாக 'முக்கியம்' என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல் வரும். அதை மாற்றிக்கொள்ள இடம் வைத்திருக்கிறார்கள். அங்கே 'முக்கிய அறிவிப்பு' என்று மொழிபெயர்த்துப் போடுவதில் பயன் குறைவு. முடிவையே அங்கே போடுங்கள்: 'வகுப்பு இல்லை'. பிறகு கீழே நாள், நேரம், காரணம். பயனிலையை வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுவர மொழியை வளைக்க வேண்டாம். பட்டைக்கே ஒரு தலை இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் போதும்.

ஓடும் எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். வலமிருந்து இடமாகச் செய்தி நகர்ந்துகொண்டே இருக்கும் பட்டையைச் சிலர் இன்னும் விரும்புகிறார்கள். "நாளை… காலை… ஏழு மணிக்கு… மண்டபத்தில்…" என்று போய்க்கொண்டே இருக்கும். கூட்டம் உண்டா இல்லையா என்று அறிய வாசகர் கடைசிச் சொல் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வேண்டாம்.

எழுத்துரு, உயரம், இடைவெளி

எம்ஒய்டிஎஸ் முறைமை தலைப்புகளுக்கு 'பாப்பின்ஸ்', உரைக்கு 'இன்டர்' என்ற எழுத்துருக்களைப் பயன்படுத்துகிறது. இரண்டும் அழகானவை. இரண்டிலும் தமிழ் எழுத்து இல்லை. பட்டையில் தமிழைப் போட்டால் உலாவி, அந்தக் கருவியில் என்ன தமிழ் எழுத்துரு இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் 'நோட்டோ சான்ஸ் தமிழ்'. விண்டோஸில் 'நிர்மலா' அல்லது பழைய 'லதா'. ஐபோனிலும் மேக் கணினியிலும் 'தமிழ் சங்கம் எம்என்'. அந்த 'எம்என்' நம்மூர்க்காரர் முத்து நெடுமாறனின் பெயரெழுத்துகள். முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் தந்தவர் வடிவமைத்த எழுத்தில்தான் உலகெங்கும் ஐபோன் வைத்திருப்பவர்கள் தமிழ் படிக்கிறார்கள் என்பது நமக்குப் பெருமைதான்.

உலாவியின் விருப்பத்துக்கு விடாமல், எழுத்துரு வரிசையில் ஒரு தமிழ் எழுத்துருவையும் பெயர் சொல்லிச் சேர்ப்பது நல்லது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை மூன்றும் இலவசம், பட்டைக்கு ஏற்றவை. ஆனால் வலையிலிருந்து இறக்கும் எழுத்துரு வந்து சேரும்வரை சில உலாவிகள் சுமார் 3 நொடிக்கு எழுத்தையே காட்டாமல் வைத்திருக்கும். எழுத்துரு அறிவிப்பில் 'ஸ்வாப்' என்ற மதிப்பைக் கொடுத்தால், இருக்கும் எழுத்துருவில் முதலில் காட்டிவிட்டுப் பிறகு மாற்றும். கைப்பேசிக் கோடு ஒன்று இரண்டுக்கு இறங்கிவிடும் தோட்டப்புறங்களில் இந்த ஒரு சொல் பெரிய உதவி. வெள்ளம் போன்ற அவசர அறிவிப்புக்கு நான் வலை எழுத்துருவையே தவிர்ப்பேன். கருவியில் உள்ள எழுத்து போதும்.

கவ் யூகேயைப் பார்த்துச் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவர்களின் 'டிரான்ஸ்போர்ட்' எழுத்துருவைப் பிரிட்டிஷ் அரசாங்கப் பக்கங்களுக்கு வெளியே பயன்படுத்த உரிமையில்லை. பட்டையின் நிரலை எடுத்தாலும் எழுத்துருவை மாற்ற வேண்டும்.

அடுத்தது வரி உயரம். அந்தப் பட்டையின் தலைப்பு வரி 24 புள்ளி எழுத்துக்கு 30 புள்ளி உயரம், அதாவது 1.25 மடங்கு. ரோமன் எழுத்துக்கு அது போதும். தமிழில் மேலே 'கீ' கொம்பு நீளும், கீழே 'ரூ' சுழி இறங்கும். 1.25 மடங்கில் இரண்டு வரி வந்தால் இரண்டும் உரசிக்கொள்ளும். 1.5 முதல் 1.6 மடங்கு வரை கொடுத்துப் பாருங்கள். ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துகளை நெருக்கிவைக்கும் எதிர்மறை இடைவெளி இருந்தால் அதைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. 'எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கு' என்ற கட்டளையால் ஆங்கிலப் பட்டைக்குக் கிடைக்கும் அழுத்தம் நமக்குக் கிடைக்காது. தடிப்பு எழுத்தோ சற்றுப் பெரிய அளவோ வேண்டும். தடிப்பு வடிவம் இல்லாத எழுத்துருவில் உலாவி செயற்கையாகத் தடிமனாக்கும்போது 'ண', 'ணை' போன்றவை அடைபட்டு மையாகத் தெரியும்.

360 புள்ளி அகலமுள்ள சாதாரண ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தமிழ் வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான் அடங்கும். 'ஒத்திவைக்கப்பட்டுள்ளதென்று' போன்ற நீண்ட சொல் பட்டையைத் தாண்டிப் பக்கத்தையே இழுக்கும். 'ஒத்திவைப்பு' என்று எழுதினால் பொருளும் குறையாது, திரையும் தாங்கும்.

இன்னொரு பழைய தொல்லை. பள்ளியில் வேர்ட் கோப்பில் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த அறிவிப்பை அப்படியே வெட்டி ஒட்டினால், பட்டையில் ரோமன் எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாக வரும். அது யுனிகோட் அல்ல. மாற்றிக் கொடுக்கும் இலவசக் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், ஒற்றெழுத்து இடம் மாறியிருக்கலாம்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு

நிறத்தைப் பிடித்த மாதிரி மாற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் மழைக்காலத்தில் மூன்று நிறங்களுக்கு நம் நாட்டில் ஏற்கெனவே பொருள் இருக்கிறது. மெட்மலேசியாவின் தொடர்மழை எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் வாஸ்பாடா, ஆரஞ்சு என்றால் பூருக், சிவப்பு என்றால் பஹாயா. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோ பஞ்சிர் பக்கத்தில் ஆற்று நீர்மட்டத்துக்குப் பச்சை இயல்பு நிலை, மஞ்சள் வாஸ்பாடா, ஆரஞ்சு அமாரான், சிவப்பு பஹாயா. இரண்டிலும் ஆரஞ்சுக்குச் சொல் வேறு என்பதைக் கவனியுங்கள்.

2021 டிசம்பர் இறுதியிலும் 2022 ஜனவரியிலும் ஜாசின், அலோர்காஜா மாவட்டங்களில் மக்கள் நிவாரண மையங்களுக்குப் போக வேண்டியிருந்தது. அத்தகைய நேரத்தில் எல்லா நிலைகளையும் தமிழில் ஒரே 'எச்சரிக்கை' என்ற சொல்லால் எழுதினால், மஞ்சளும் சிவப்பும் ஒன்றாகிவிடும். பொருள்களைத் தூக்கி மேலே வைக்க வேண்டிய நேரமா, வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரமா என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. என் பரிந்துரை: அதிகாரிகள் சொல்லும் மலாய்ச் சொல்லைத் தமிழ் எழுத்தில் முதலில் போட்டு, பக்கத்தில் தமிழ் விளக்கம் தருவது. 'பஹாயா நிலை: வெளியேறத் தயாராக இருங்கள்.' வானொலியிலும் கிராமத் தலைவர் வாயிலும் வரும் அதே சொல்லைப் பட்டையிலும் பார்க்கும்போது குழப்பம் இருக்காது. அவசர அறிவிப்பில் தனித்தமிழ் ஆர்வத்தைக் கொஞ்சம் ஒத்திவைக்கலாம் என்று தமிழ் படித்தவனாகவே சொல்கிறேன்.

கோயில் திருவிழா அறிவிப்புக்குச் சிவப்பைப் பயன்படுத்தாமல் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். மாசி மகத்தன்று ஜாலான் துக்காங் எமாஸில் 1781-ஆம் ஆண்டின் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்திலிருந்து செங் சன்னாசிமலைக்கு வெள்ளி ரதம் போகும் நாளில் சாலை மூடப்படும் செய்தி முக்கியமானது, ஆபத்தானதல்ல. நீலம் போதும். அதை மலாயிலும் போடுங்கள். அந்தச் சாலையில் கார் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் தமிழர் அல்லர்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிறவேறுபாட்டை அளக்க ஒரு விகிதம் உண்டு. உலகளாவிய அணுகல் விதிகளின்படி சாதாரண அளவு எழுத்துக்கு அது குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். தூய மஞ்சளில் வெள்ளை எழுத்து 1.07 மட்டுமே, அதாவது கண்ணுக்கே தெரியாது. வழக்கமான ஆரஞ்சில் வெள்ளை எழுத்து சுமார் 2. அதே ஆரஞ்சில் கறுப்பு எழுத்து 10-க்கு மேல். தூய சிவப்பில் வெள்ளை எழுத்து 4-ஐத் தொட்டு நின்றுவிடுகிறது, ஆகவே சிவப்பைக் கொஞ்சம் கருமையாக்க வேண்டும். வெயிலில், செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டிருக்கும் ஒருவர் கைப்பேசியைப் பார்க்கும்போது இந்த எண்களின் அருமை தெரியும். நிறம் பிரித்தறியாதவர்களுக்காக, நிலையைச் சொல்லாலும் எழுதுங்கள்.

'வெற்றி' யாருக்கு?

ஆயத்தப் பட்டைகளில் பச்சை வகை ஒன்று உண்டு, ஒரு செயல் முடிந்ததைச் சொல்வதற்கு. அதன் ஆங்கிலத் தலைப்பை இயந்திரம் 'வெற்றி' என்று மொழிபெயர்க்கிறது. பிள்ளையின் பெயரைப் பதிந்தவுடன் 'வெற்றி' என்று பச்சையாக வந்தால், இடம் கிடைத்துவிட்டது என்றுதான் பெற்றோர் நினைப்பார்கள். 'விண்ணப்பம் வந்து சேர்ந்தது' என்பதே சரி. பட்டையை மூடும் பொத்தானுக்கு 'நிராகரி' என்று போட்ட பக்கத்தையும் பார்த்திருக்கிறேன்; விண்ணப்பத்தையே நிராகரித்துவிடுமோ என்று பயந்து ஒரு பாட்டி அதைத் தொடவே மாட்டேன் என்றார். 'மூடு' போதும். இணைப்புக்கு 'மேலும் அறிய' என்பதைவிட 'நிவாரண மையங்களின் பட்டியல்' என்று எழுதினால் எதைத் தொடுகிறோம் என்பது தெரியும்.

இடப்பெயர்களை இயந்திரத்திடம் விடவே கூடாது. சிங்கப்பூரில் 'லாவ் பா சாட்' என்ற உணவங்காடியின் பெயர்ப்பலகையில், 'சாட்' என்பதை ஆங்கிலக் கிழமைச் சுருக்கமாக எடுத்துக்கொண்டு தமிழில் 'சனி' ஆக்கிய கதை பலருக்கும் நினைவிருக்கும். 'பூலாவ் செபாங்', 'டுரியான் துங்கல்' என்று நம்மிடமும் மொழிபெயர்ப்புக்கு ஆசைகாட்டும் பெயர்கள் இருக்கின்றன.

காதால் படிப்பவர்களுக்கு

பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் மென்பொருள் மூலம் அகப்பக்கத்தைக் கேட்கிறார்கள். பக்கம் மலாய் என்று குறிக்கப்பட்டிருக்க, பட்டை மட்டும் தமிழில் இருந்தால், மலாய்க் குரல் தமிழைப் படிக்கத் திணறும் அல்லது தாண்டிப்போகும். பட்டையின் வெளிக்குறிச்சொல்லில் மொழிப் பண்பைத் தமிழ் என்று குறித்தால், தமிழ்க் குரல் உள்ள கருவியில் குரல் மாறிக்கொள்ளும். ஒரு நிமிட வேலை.

இன்னொரு பண்பு 'ரோல்'. கவ் யூகேயில் சாதாரண நீலப் பட்டைக்கு அது 'ரீஜன்': வாசிப்பான் பயன்படுத்துகிறவர் பக்கப் பகுதிகளின் பட்டியலில் இதைக் கண்டுபிடிக்கலாம், ஆனால் அவரை இடைமறிக்காது. பச்சைப் பட்டைக்கு அது 'அலர்ட்'. பக்கம் திறக்கும்போதே இருக்கும் 'அலர்ட்'டை எல்லா வாசிப்பான்களும் உடனே சொல்வதில்லை என்பதால், பக்கம் வந்ததும் கவனக்குறியைப் பட்டையின்மேல் நகர்த்திவிடுகிறார்கள். இப்போதுதான் படிவத்தை அனுப்பியவருக்கு இது பொருத்தம். திருவிழாப் பட்டைக்கும் 'அலர்ட்' போட்டால், ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் தேர் ஊர்வலத்தைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நகர்வை நிறுத்தவும் ஓர் அமைப்பு இருக்கிறது.

பட்டையைச் சேவையகத்திலிருந்தே பக்கத்தோடு அனுப்புங்கள். ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேர்ந்தபின் ஒட்டும்படி செய்தால், கோடு மெதுவான இடத்தில் பட்டை வராமலே போகலாம். இந்த மாற்றங்களை முறைமையின் மூலக்கோப்பில் கைவைத்துச் செய்யாதீர்கள். அடுத்த பதிப்பு வரும்போது எல்லாம் அழிந்துவிடும். நிறம், எழுத்துரு, இடைவெளி ஆகியவற்றுக்கு முறைமை கொடுத்திருக்கும் மாறிகளை உங்கள் தனிக்கோப்பில் மறுவரையறை செய்து, பட்டைக்கு உங்கள் சொந்தப் பெயரில் ஒரு வகுப்பைக் கூடுதலாகச் சேர்த்தால் பாதுகாப்பு.

இறக்குவதற்கும் ஒரு நாள்

ஏற்றியவர் இறக்க மறந்துவிடுவது எங்கும் நடக்கிறது. பொங்கல் விழாப் பட்டை தீபாவளிவரை நிற்கும் பக்கத்தில், வெள்ள அறிவிப்பு வந்தாலும் பழையதென்றே நினைத்துக் கடந்துவிடுவார்கள். பட்டையில் தொடங்கும் நாளும் முடியும் நாளும் குறிக்க இரண்டு கட்டங்கள் வைத்து, முடியும் நாள் நிரப்பாமல் வெளியிட முடியாதபடி செய்துவிடுங்கள். செய்தியிலும் எண்ணை மட்டும் போடாமல் கிழமையையும் எழுதுங்கள். '5/6' என்பது ஜூனா மேயா என்று யோசிக்க வைக்கும்; 'நாளை' என்பது மறுநாளே பொய்யாகிவிடும்.

அக்கா மகன் படிக்கும் பள்ளியின் பட்டை இப்போது மாறிவிட்டது. கருமஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து. தலைப்பில் தடித்த எழுத்தில் 'வகுப்பு இல்லை'. கீழே கிழமை, நாள், நேரம், காரணம். வரி எத்தனை ஆனாலும் வெட்டில்லை. முடியும் நாள் வந்தால் தானாக மறைந்துவிடுகிறது. அக்கா மட்டும் இன்னமும் புலனத்தில் ஆசிரியரை ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் மோட்டாரை எடுக்கிறார்.